நடுவிரல் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓராண்டாக பிக் (கம்பியைத் தட்டும் சிறு வில்லை) வைத்து கிட்டார் வாசிக்கிறேன். இப்போது பிக்கோடு நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து வாசிக்கும் ஹைப்ரிட் பிக்கிங் பழகுகிறேன். தாளம் தட்டும் மெட்ரோநோம் கருவி நிமிடத்துக்கு 90 தட்டுகளைத் தாண்டினால் விரல்கள் சிக்கிக்கொள்கின்றன. மோதிர விரல் பலவீனமாக இருக்கிறது. நகம் வளர்க்க வேண்டுமா? எவ்வளவு கனமான பிக் வாங்கலாம்?

கே.

அன்புள்ள கே,

நகம் உங்கள் இஷ்டம். பிக்கும் கையில் இருப்பதே போதும். அதைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நடுவிரலும் பிடித்துக்கொண்டிருந்தால் அது எப்படி வாசிக்கும்?

கடிதம் முழுக்க வேகம். ஒலியைப் பற்றி ஒரு வரி கிடையாது. சில நாட்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் கோபம் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. இந்த உத்தியை ஆளாளுக்கு சர்க்கஸ் வித்தையாகப் பழகுகிறார்கள்.

ஐந்தாம் கம்பியையும் இரண்டாம் கம்பியையும் பிக்கால் சேர்த்து வாசித்துப் பாருங்கள். நடுவிலிருக்கும் இரண்டு கம்பிகளை இடது கையால் அடக்கிவிட்டாலும், பிக் ஒன்றைத் தட்டிய பிறகுதான் இன்னொன்றுக்குப் போகும். எத்தனை வேகமாகப் போனாலும் முன்பின் உண்டு. இப்போது ஐந்தாவதை பிக்காலும் இரண்டாவதை நடுவிரலாலும் ஒரே சமயத்தில் எடுங்கள். பியானோவில் இரண்டு கட்டைகளை ஒன்றாக அழுத்தியதுபோல் இரண்டு சுரமும் சேர்ந்தே எழும். இதற்குத்தான் ஐயா அந்த விரல்! ஒற்றைக் கம்பியில் ஓடுவதற்கு பிக்கே தாராளம்.

அடுத்த சிக்கல், பிக்கின் ஒலி வேறு, விரலின் ஒலி வேறு. விரலால் கம்பியை இழுத்துவிட்டால் அது ஃப்ரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டையில், மோதித் தெறிக்கும். கன்ட்ரி என்னும் அமெரிக்க கிராமிய இசைக்காரர்கள் அந்தத் தெறிப்பையே சிக்கன் பிக்கின் என்று ஒரு பாணியாக்கிவிட்டார்கள். 1969 முதல் எல்விஸ் பிரெஸ்லியோடு மேடையில் வாசித்த ஜேம்ஸ் பர்ட்டன், கையில் சாதாரண பிக், நடுவிரலில் மாட்டும் பிக் என இரண்டையும் வைத்து வாசித்தவர். வேகத்துக்குப் பெயர்போனவர்தான். ஆனால் சுரம் ஒவ்வொன்றும் பளிச்சென்று கேட்கும்.

எனக்குச் சொல்லித்தந்தவர் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். மூன்றாம் கம்பி ஒன்றையே பிக்காலும் விரலாலும் நான் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். எது பிக், எது விரல் என்று திரும்பாமலே சொல்லிக்கொண்டு வருவார். அவர் தவறாகச் சொல்லும்வரை அடுத்த பாடம் கிடையாது. ஒருநாள் "பிக்" என்றார். எடுத்தது விரலால். நான் வாயே திறக்கவில்லை. "என்னடா, சத்தத்தைக் காணோம்?" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மோதிர விரல் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். சுண்டுவிரலை கிட்டாரின் மேல் ஊன்றி வைத்திருந்தால் முதலில் அதை எடுங்கள், மோதிர விரலைக் கட்டிப்போடுவது அதுதான். மெட்ரோநோமை 50-க்கு இறக்குங்கள். அப்புறம் எழுதுங்கள். அடுத்த கடிதத்திலும் மெட்ரோநோம் கணக்கு வந்தால் என்னிடமிருந்து பதில் வராது.