கேள்வி – பதில்: உப்புக்காற்றில் ஒரு பால்கனித் தோட்டம்

இந்த முறை மும்பை வாசகர்களின் கடிதங்களே அதிகம். கடலோரத்தில் இருப்பவர்களின் தொல்லைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

வெர்சோவாவில் ஏழாவது மாடி. பால்கனி மேற்குப் பார்த்தது. பிப்ரவரி வரை தளதளவென்று இருக்கும் செடிகள் ஏப்ரலில் இலை ஓரம் கருகிவிடுகின்றன. வெயில்தான் என்று பச்சை வலை கட்டினேன், தண்ணீரும் இருவேளை ஊற்றுகிறேன். பலனில்லை.

வலை வெயிலைக் குறைத்திருக்கும். ஆனால் செடியைக் கெடுத்தது உப்பு. கருகிய இலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் நுனியிலிருந்து உள்நோக்கிக் கருகியிருந்தால் அது காற்றோடு வந்த உப்பு. இலையை நாக்கில் வைத்தாலே கரிக்கும். எல்லாப் பக்கமும் அடி இலைகள் ஓரம் கருகி, தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது வேரில் சேர்ந்த உப்பு. உங்கள் பால்கனிக்கு இரண்டுமே இருக்கலாம்.

மார்ச் முதல் மே வரை மும்பையில் பிற்பகலானால் கடற்காற்று வீசும், மழை மட்டும் இருக்காது. படிந்த உப்பு இலையிலேயே தங்கிவிடும். இருவேளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் தண்ணீர் அடித்துளை வரை இறங்காமல் ஆவியாகி, அதிலிருந்த உப்பை மண்ணிலேயே விட்டுப் போகும். அதனால் ஊற்றும்போது நிறைய ஊற்றுங்கள்: துளை வழியே வெளியே வர வேண்டும். பிறகு மேல்மண் இரண்டு விரற்கடை காயும் வரை தொட வேண்டாம்.

மாலையில் காற்று தணிந்ததும் இலையின் இரு பக்கமும் சொட்டச் சொட்ட நல்ல தண்ணீர் தெளியுங்கள், வாரம் மூன்று முறை. மாலையில் இலை நனைந்தால் பூஞ்சை வரும் என்பது பொது விதி. கோடையில் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் பயமில்லை, ஜூன் பிறந்ததும் நிறுத்திவிடுங்கள்.

மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் மாதம் ஒருமுறை தொட்டியைக் கழுவி விடுங்கள். மண்ணின் கொள்ளளவைப்போல் இருமடங்கு தண்ணீர் வேண்டும். 12 அங்குலத் தொட்டியில் ஏறத்தாழ 15 லிட்டர் மண் பிடிக்கும், ஆகவே 30 லிட்டர். ஒரேயடியாக ஊற்றினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும். மூன்று தவணையாக, அரைமணி இடைவெளி விட்டு ஊற்றுங்கள். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் செய்வது உத்தமம், கீழ்வீட்டுக்காரரின் கொடியில் துணி காயும் நேரத்தில் பால்கனியில் செய்து வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். உப்போடு சத்தும் கரைந்து போயிருக்கும், நான்கு நாள் கழித்து இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இடுங்கள்.

காற்றுத் தடுப்புக்குப் பிளாஸ்டிக் தகடோ கண்ணாடியோ அடைத்தால் காற்று அதன் மேலே ஏறி, பின்பக்கம் சுழன்று விழும். அங்கே இருக்கும் செடிக்குத்தான் அடி. பாதிக் காற்றை உள்ளே விடும் 50 சதவீத வலை போதும். ஆகவே உங்கள் வலையைக் கழற்ற வேண்டாம், மேற்கூரையிலிருந்து எடுத்துக் கிரில்லின் மேற்குப் பக்கம் செங்குத்தாகக் கட்டுங்கள். அதை ஒட்டி முதல் வரிசையில் காகிதப்பூ, கற்றாழை, அரளி. (அரளி எல்லாப் பாகமும் விஷம். குழந்தையோ நாயோ உள்ள வீட்டில் வைக்காதீர்கள்.) அவற்றின் மறைவில் கறிவேப்பிலை, மல்லிகை, மிளகாய். அவரை, பீன்ஸ், எலுமிச்சை மூன்றும் உப்பைத் துளியும் தாங்காதவை. கிழக்குச் சன்னல் இருந்தால் அங்கே வையுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவது நல்லது.

மே கடைசி வாரம் முதல் மழை பிடிக்கும் வரையிலான நாட்கள்தான் ஆண்டிலேயே மோசமானவை. காற்று வலுத்துவிடும், கழுவ மழை இருக்காது. அப்போது சிறிய தொட்டிகளை அறைக்குள் இழுத்துவிடுங்கள்.

நெருல். மார்ச் மாதம் ஆனால் சொசைட்டியில் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் கலந்து வருகிறது. ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு விடலாமா?

ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டாம். உள்ளே போன உப்பெல்லாம் திரண்டு வெளிவருவது அதில்தான். அதைத் தரை துடைக்கப் பயன்படுத்துங்கள்.

போர்வெல் தண்ணீருக்கு, அதில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கைக்கு அடக்கமான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அளவு 450 வரை இருந்தால் கவலையில்லை. 450 முதல் 2000 வரை செடியைப் பொறுத்தது: கீரை, கத்தரி, வெண்டை ஓரளவு தாக்குப்பிடிக்கும், பீன்ஸ் சுருண்டுவிடும். 2000 தாண்டினால் தோட்டத்துக்கு ஆகாது. டேங்கருக்கு டேங்கர் அளவு மாறும் என்பதால் ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வீணாக்காதீர்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்டது, உப்பு ஏறக்குறைய இல்லாதது. போர்வெல் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் அளவு பாதியாக இறங்கும்.

தேங்காய் நார்த்தூள் கட்டியிலும் உப்பு ஒளிந்திருக்கும். ஊறவைத்துப் பிழிந்த நீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள், உங்கள் குழாய்த் தண்ணீரின் அளவுக்கு அருகில் வரும் வரை அலசிக் கொட்டுங்கள். மண் கலவைக்குச் செம்மண் நான்கு பங்கு, மண்புழு உரம் மூன்று பங்கு, அலசிய நார்த்தூள் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு. கடற்கரை மணலை எவ்வளவு கழுவினாலும் சேர்க்காதீர்கள்.

ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைத்தே பழக்கம். முலுண்டில் ஆடியில் போட்ட தக்காளி, கத்தரி நாற்று எல்லாம் தண்டு அழுகிச் சாய்கின்றன. விதைக் கோளாறா?

விதையில் குறையில்லை, பட்டம்தான் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. தமிழ்நாட்டில் ஆடியில் லேசான மழையில் விதை முளைத்து வேரூன்றிவிடும், பெருமழை ஐப்பசியில்தான் வரும். மும்பையிலோ பெருமழையே ஆடியில்தான். ஜூலை ஒரு மாதத்தில் மட்டும் 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது, ஜூன் முதல் செப்டம்பர் வரை 2000 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். மூன்று அங்குல நாற்று அதில் மண்மட்டத்தில் நூல்போல் மெலிந்து, பழுப்பேறிச் சாய்வது நாற்றழுகல். நீர் தேங்கிய மண்ணில் வளரும் பூஞ்சையின் வேலை. சாய்ந்ததைக் காப்பாற்ற வழியில்லை, பிடுங்கி எறியுங்கள். அந்த மண்ணை அப்படியே அடுத்த விதைப்புக்கு எடுக்காதீர்கள்.

மும்பைக்கு இரண்டு பட்டம் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது வைகாசி, அதாவது மே பிற்பாதி. பாகல், பீர்க்கு, புடலை, வெண்டை இவற்றை மழைக்கு மறைவான இடத்தில் விதைத்து, ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடிக்கும்போது ஐந்தாறு இலை விட்ட செடியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வளர்ந்த கொடிக்கு மழை ஆகாரம், முளைக்குத்தான் எமன். ஓயாத மழையில் தேனீ வராது, பூ பூத்தும் காய் பிடிக்காது. காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சுடன் இருக்கும் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். பீர்க்கும் புடலையும் சாயங்காலம் மலரும். இஞ்சி, மஞ்சள் கிழங்கும் இதே பட்டத்தில் ஊன்ற வேண்டியவை. கொடிப்பசலை, சேம்பு இரண்டையும் கவனிக்கவே வேண்டாம், மழையில் தாமாகக் கொழிக்கும்.

இரண்டாவது ஆவணி. ஆகஸ்ட் கடைசியில் தக்காளி, கத்தரி, மிளகாய் விதையைக் கூரையடியில் குழித்தட்டில் போடுங்கள். ஒரு கிலோ தொழுவுரத்துக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து ஒரு வாரம் ஈரமாக வைத்திருந்து பிறகு தட்டில் நிரப்பினால் நாற்றழுகல் குறையும். நாலைந்து வாரத்தில், மழை விலகும் புரட்டாசியில் நடவு. 'அக்டோபர் ஹீட்' என்று ஊரே புலம்பும் அந்த வெயிலில் நட்ட முதல் பத்து நாள் நிழல் வேண்டும். டிசம்பர் முதல் காய் பறிக்கலாம்.

மழைக்காலத்தில் தொட்டியடித் தட்டுகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீர் வேரை அழுகவைக்கும், டெங்கு கொசுவுக்கும் தொட்டிலாகும். அடித்துளையில் வாரம் ஒருமுறை குச்சி விட்டுக் குத்துங்கள். மழை உப்பைக் கழுவும்போது தழைச்சத்தையும் கழுவிவிடுகிறது. ஆகஸ்டில் இலை வெளுப்பது அதனால்தான். பதினைந்து நாளுக்கு ஒரு கைப்பிடி வீதம் மண்புழு உரம் இட்டுக்கொண்டே இருங்கள்.

செம்பூர். குண்டுமல்லி இலையாகவே தழைக்கிறது. பூ இல்லை. மாட்டுங்காவில் முழம் வாங்கித்தான் தலையில் வைக்க வேண்டியிருக்கிறது.

கத்தரிக்கோலை எடுங்கள். நவம்பர் கடைசி வாரம், கார்த்திகையில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் எல்லாக் கிளைகளையும் ஒரேயளவாக வெட்டிவிடுங்கள். இலையையும் உருவிவிடலாம். மொட்டைக் குச்சியாகப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், பழைய கொம்பு இலையைத்தான் தரும். வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே தண்ணீரைக் குறையுங்கள். வெட்டிய பின் தொட்டிக்கு ஒரு கிலோ மட்கிய தொழுவுரம், 50 கிராம் எலும்புத்தூள். நாளுக்கு ஐந்து மணிநேரமாவது நேர் வெயில் படாவிட்டால் இத்தனையும் வீண். தழைச்சத்து மிகுந்த உரத்தை ஜனவரிக்குப் பின் நிறுத்துங்கள். மார்ச்சில் மொட்டு வரும்.

கொத்தமல்லி நான்கு அங்குலம் வளர்வதற்குள் பூத்துவிடுகிறது. (மாஹிம்)

எந்த மாதம் போட்டீர்கள் என்று எழுதவில்லை. மார்ச்சுக்குப் பின் போட்டால் மும்பை வெக்கையில் பூக்கத்தான் செய்யும். நவம்பர் முதல் ஜனவரி வரை மட்டும் போடுங்கள். விதையை இரண்டாக உடைத்து, ஒரு இரவு ஊறவைத்து, நேரடியாகத் தொட்டியில் தூவுங்கள். பிடுங்கி நட்டாலும் பூத்துவிடும்.

கறிவேப்பிலையின் இளந்துளிர் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. மோர் ஊற்றியும் பார்த்தாயிற்று. (சயான்)

துளிர் வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இருந்தாலும் போர்வெல் தண்ணீரின் காரத்தன்மையோ ஈரம் மிகுந்து மூச்சுத் திணறும் வேரோ அதை எடுக்கவிடாது. புளித்த மோர் கொஞ்சம் புளிப்பு சேர்க்கும், அவ்வளவுதான். அதிகமானால் எறும்பும் நாற்றமும் மிச்சம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மாலையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. தரையிலும் கிரில்லிலும் பட்டால் துருக்கறை போகாது, பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் வளர்ச்சி நின்றுபோவது இயல்பு. பிப்ரவரி கடைசியில் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். இலைமேல் பறவை எச்சம் போலக் கருப்பு வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் துடைக்கும் முன் உற்றுப் பாருங்கள்: வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். நாலைந்து புழு சின்னச் செடியை இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும், கையால் எடுத்துவிடுங்கள்.

வசாய். தரைத்தளம், சிறு தோட்டம். மழை வந்தால் பெரிய நத்தைகள் கீரையை அடியோடு தின்கின்றன. பாத்தியைச் சுற்றி உப்புப் போடச் சொல்கிறார்கள்.

போடாதீர்கள். மே வரை போராடி வெளியேற்றும் உப்பை நீங்களே மூட்டையாக உள்ளே கொண்டுவருவதாகும். ஒரு மழையில் கரைந்து பாத்தியில் இறங்கிவிடும், நத்தை மறுநாள் வரும்.

இருட்டியதும் நனைத்த சாக்கைப் பாத்தி ஓரம் விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போடுங்கள். விடிவதற்குள் சாக்கின் அடியில் கூடியிருக்கும். கையுறை கட்டாயம்: ஆப்பிரிக்க நத்தை மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவைச் சுமக்கக்கூடியது. குழந்தைகளைத் தொடவிடாதீர்கள், கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்தே சாப்பிடுங்கள். பிடித்தவற்றைக் கெட்டியான உப்புக் கரைசல் உள்ள வாளியில் போடலாம், அந்தத் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போக வேண்டும். மிளகு பருமனில் வெளிர் மஞ்சளாக முட்டைகள் ஈரமண்ணில் கொத்தாகக் கிடக்கும். செங்கல், ஓடு, பழைய தொட்டிகளின் அடியைப் புரட்டி நசுக்குங்கள். ஜூன் மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். ஆகஸ்டில் தொடங்கினால் அடுத்த தலைமுறை பொரித்து வந்திருக்கும்.