மேஜை மேல துணி சுத்தின தகடு

சார், வணக்கம். நான் யூட்டாவுல லீஹைங்கற ஊர்ல சாஃப்ட்வேர் வேலை பாக்கறேன். டீம்ல பாதிப் பேர் மார்மன், அதாவது அமெரிக்காவுல உருவான ஒரு கிறிஸ்தவப் பிரிவு. காபி தொடமாட்டாங்க, ஞாயித்துக்கிழமை கடைக்குக்கூட போகமாட்டாங்க, நான் வீடு மாறினப்ப கூப்பிடாமலே ஆறு பேர் வந்து சோஃபா தூக்கினாங்க. அதுல ஒருத்தர் அவங்க வேதமான மார்மன் புத்தகம் கொடுத்தாரு. சரின்னு இந்த மதத்த ஆரம்பிச்ச ஜோசஃப் ஸ்மித் யாருன்னு தேடினா, தொப்பிக்குள்ள கல்லைப் போட்டுப் பாத்து வேதம் எழுதினாருங்கறாங்க, முப்பதுக்கு மேல பொண்டாட்டிங்கறாங்க. இவ்வளவு படிச்ச நல்ல மனுஷங்க இதை எப்படி நம்பறாங்க? அந்த ஆளு ஃப்ராடா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்.
– கார்த்திக்

கார்த்திக்,

ஒரே வார்த்தையில சொல்ல எனக்கு வராது, வந்தா நான் ஏன் இவ்வளவு எழுதிட்டு இருக்கப்போறேன். முதல்ல ஒண்ணு, நீங்க குடியிருக்கற ஊர் பேரே அந்தப் புத்தகத்துல இருந்து வந்ததுதான். கிமு 600 வாக்குல ஜெருசலேம விட்டுக் கிளம்பி, குடும்பத்தோட கப்பலேறி அமெரிக்கா வந்து சேர்ந்ததா அதுல வர்ற பெரியவர் பேரு லீஹை. கதை அங்கதான் ஆரம்பிக்குது.

நீங்க தேடிப் படிச்சது ரெண்டும் பொய் இல்ல. கல்லு உண்மை, சாக்லேட் கலர்ல முட்டை மாதிரி இருக்கும், 2015ல மார்மன் சபையே அதோட போட்டோவ வெளியிட்டுச்சு. பொண்டாட்டிங்க கணக்கையும் 2014ல சபையோட சொந்தக் கட்டுரையே ஒத்துக்கிச்சு. அதனால உங்க ஆபீஸ் நண்பருக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க.

என்னக் கேட்டா ஜோசஃப எடை போட அவரோட சம்சாரம் எமாவத்தான் பாக்கணும். எதிரிங்க எழுதினதையும் பக்தருங்க எழுதினதையும் நான் நிறையப் படிச்சுட்டேன், ரெண்டும் அலுத்துப்போச்சு.

ஜோசஃப் 1805ல வெர்மான்ட்ல பொறந்தவரு, ஏழை விவசாயக் குடும்பம், 1816ல கோடையே வராம பயிரெல்லாம் பனியில கருகினதுக்கு அப்புறம் நியூயார்க் பக்கம் பால்மைராவுக்குக் குடிபோறாங்க. அந்தக் காலத்துல அங்க புதையல் தோண்டற பைத்தியம் ரொம்ப. ஜோசஃபும் கல்லை வெச்சு புதையல் இருக்கற இடம் சொல்றேன்னு கூலிக்குப் போனவரு, 1826ல அதுக்காகவே கோர்ட்ல நிறுத்தினாங்க. இந்த மாதிரி வேலைக்குப் போன இடத்துலதான் பென்சில்வேனியாவுல எமாவ பாக்கறாரு. மாமனாருக்கு இந்த ஆளக் கண்டாலே ஆகாது. எமா அப்பா பேச்சக் கேக்கல, 1827 ஜனவரியில வீட்ட விட்டு வந்து கல்யாணம். அதே வருஷம் செப்டம்பர் ராத்திரி, மொரோனைங்கற தேவதூதன் காட்டின தங்கத் தகடுகள எடுக்கப்போறேன்னு இவரு குமோரா குன்றுக்குப் போனப்ப, கூடவே வண்டியில போனது எமாதான்.

அப்புறம் தகட்டுல இருக்கறத மொழிபெயர்க்கறேன்னு இவரு சொல்லச் சொல்ல, மார்மன் புத்தகமா எழுதினதும் கொஞ்ச நாள் எமாதான். 1828 ஜூன்ல முதல் குழந்தை பொறந்த அன்னிக்கே போயிடுச்சு. அந்தச் சமயத்துலதான் மார்ட்டின் ஹாரிஸ்ங்கற பணக்கார விவசாயி, எழுதின 116 பக்கத்த வாங்கிட்டுப் போய்த் தொலைச்சுட்டாரு. ஜோசஃப் உடைஞ்சுபோய் உக்காந்துட்டாரு. மறு வருஷம் ஆலிவர் கௌடரின்னு ஒரு வாத்தியார் வந்து எழுத ஆரம்பிச்சதும் ஏப்ரல்ல பிடிச்சது ஜூன் கடைசியில முடிஞ்சுது. 1830ல 5,000 பிரதி அச்சாச்சு, செலவு 3,000 டாலர், அதுக்கு நிலத்த அடமானம் வெச்சது யாருன்னு பாத்தா பக்கத்தத் தொலைச்ச அதே ஹாரிஸ்!

புத்தகத்த நான் சரித்திரமா எடுத்துக்கல. கொலம்பஸுக்கு முந்தின அமெரிக்காவுல குதிரை, கோதுமை, இரும்பு வாள்னு வருது, பைபிள்ல இருந்து வர்ற ஏசாயா பகுதியெல்லாம் கிங் ஜேம்ஸ்ங்கற பழைய இங்கிலீஷ் பைபிள் வார்த்தையோட பெரும்பாலும் அப்படியே இருக்கு. 1835ல எகிப்து மம்மியோட வாங்கின சுருளப் பாத்து இது ஆபிரகாம் எழுதினதுன்னு மொழிபெயர்த்தாரு, 1967ல அந்தத் துண்டுங்க நியூயார்க் மியூசியத்துல இருந்து வெளிய வந்து, எகிப்து மொழி தெரிஞ்சவங்க படிச்சா செத்தவங்களுக்கு வைக்கற சாதாரண சடங்கு ஏடு. இதுக்கு மேல அதுல எனக்கு வாதம் இல்ல.

ஆனா ஃப்ராடுன்னு எழுதி மூடிட முடியல. 1832ல ஒரு கும்பல் நடுராத்திரி வீட்டுக்குள்ள பூந்து, ஜோசஃப இழுத்துட்டுப் போய் தார் பூசி இறகு ஒட்டி அடிச்சுது. ராத்திரியெல்லாம் தாரச் சுரண்டி எடுத்தாங்க, காலையில அதே உடம்போட போய் பிரசங்கம் பண்ணாரு. அம்மை போட்டிருந்த வளர்ப்புக் குழந்தை ஒண்ணு அந்தக் குளிர் பட்டதாலயோ என்னமோ சில நாள்ல செத்துப்போச்சு. அதையும் தாங்கிக்கிட்டது எமா. 1838ல மிசௌரி கவர்னர் மார்மன்கள துரத்துங்க இல்லன்னா ஒழிச்சுக்கட்டுங்கன்னு எழுத்துலயே உத்தரவு போட்டாரு, 1976 வரைக்கும் அத யாரும் ரத்து பண்ணல.

(காபி விஷயம்: கடவுள் சொன்னதா ஜோசஃப் 1833ல சொன்ன வாக்குல 'சூடான பானம்'னுதான் இருக்கு, அது டீ காபின்னு பின்னாடி அர்த்தம் சொன்னாங்க. கோக்குக்குத் தடை இல்ல. உங்க ஊர்ல தெருவுக்குத் தெரு சோடா கடை ஏன்னு இப்ப புரியுதா.)

எனக்குக் கோவம் வர்றது இல்லினாய்ல, நாவூங்கற ஊர்ல. அவங்களே கட்டின ஊர், ஜோசஃபே மேயர். வீட்டோட தங்கியிருந்த எமிலி, எலைசான்னு ரெண்டு சகோதரிங்கள 1843 மார்ச்ல எமாவுக்குத் தெரியாம கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. மே மாசம் எமா எப்படியோ மனசக் கல்லாக்கிட்டு ஒத்துக்கறாங்க, சரி, பொண்ண நானே தேர்ந்தெடுக்கறேன்னு சொல்லி அதே ரெண்டு பேரக் கைகாட்டறாங்க, உடனே எதுவும் தெரியாத மாதிரி ரெண்டாந்தடவை கல்யாணச் சடங்கு நடக்குது! பின்னாடி எமிலியே சொன்னது இது. ஜூலைல எமா பேரச் சொல்லி, ஒத்துக்கலன்னா அழிஞ்சுபோவன்னு கடவுளே மிரட்டற மாதிரி ஒரு வாக்கு வருது. அண்ணன் ஹைரம் அத எடுத்துட்டுப் போய் படிச்சுக் காட்ட, இதுல ஒரு வார்த்தையக்கூட நம்பமாட்டேன்னுட்டாங்க எமா.

மறு வருஷம் இத அம்பலப்படுத்தி ஒரு பத்திரிகை வந்துச்சு, ஒரே ஒரு இதழ்தான், அதுக்குள்ள நகரசபை உத்தரவு போட்டு அச்சு மெஷினையே உடைச்சுட்டாங்க. அதுல கைதாகி கார்த்தேஜ் ஜெயில்ல இருந்தப்ப, 1844 ஜூன் 27, மூஞ்சியில கரி பூசின கும்பல் சுட்டுக் கொன்னுச்சு. அண்ணனும் கூடவே. வயசு 38. எமா அப்ப கர்ப்பம்.

அடுத்த தலைவரான பிரிகாம் யங் பெரும்பாலானவங்கள யூட்டாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு, எமா கிளம்பல. 1879ல சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி மகன் உக்காந்து கேள்வி கேட்டு எழுதி வெச்சாரு. பலதாரமா, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு சாதிச்சாங்க. தகடு? மேஜை மேல துணி சுத்தி இருந்துச்சு, துடைக்கறப்ப நகத்தி வெச்சிருக்கேன், ஓரத்த விரலால தடவினா தகரம் மாதிரி சலசலக்கும், திறந்து மட்டும் பாத்ததில்லன்னாங்க. ஒரு லெட்டர்கூட கோர்வையா சொல்லத் தெரியாத மனுஷன் அவரு, இந்தப் புத்தகத்த அவரால கட்டியிருக்க முடியாது, இது கடவுள் கொடுத்ததுன்னும் சொன்னாங்க.

இந்தப் பொம்பளைக்கு முன்னாடி என்னோட ஃப்ராடு-நபி தராசு வேலை செய்யல கார்த்திக். கண்ணால பாத்தத இல்லன்னாங்க, பாக்காதத சத்தியம்னாங்க.

யூட்டாவுல ரொம்பக் காலம் எமாவ துரோகி மாதிரியே பேசிட்டு இருந்தாங்க, இப்பதான் மாறியிருக்கு. உங்க நண்பர்கிட்ட ஜோசஃப் பத்தி அப்புறமா கேக்கலாம், அவங்க பாட்டி எமாவப் பத்தி என்ன சொல்லுவாங்கன்னு கேட்டுட்டு எனக்கு எழுதுங்க.