தெருவில் ஓடும் ஃபார்முலா ஒன்: நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூர் இரவுப் பந்தயத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். "டிவியில் பார்த்தது போதும், நேரில் போக வழி சொல்லுங்கள்" என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சீட்டு எடுத்த பணம் இருக்கிறது. நானும் தம்பியும் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை போகலாம் என்றிருக்கிறோம். மொனாக்கோவா, சிங்கப்பூரா? (காட்பாடி வாசகர்)

ஒரே தடவை என்றால் சிங்கப்பூர்.

மொனாக்கோவின் பெருமையை யாரும் மறுக்க முடியாது. 1929-ல் தொடங்கிய பந்தயம். பிரேசில் ஓட்டுநர் அயர்டன் சென்னா 6 முறை வென்ற ஊர். ஆனால் தடம் 3.337 கிலோமீட்டர்தான், சாலையும் குறுகல், இன்றைய காருக்கு முந்த இடம் கிடைப்பதில்லை. 2024-ல் முதல் பத்து இடங்களில் புறப்பட்டவர்கள் அதே வரிசையில்தான் பந்தயத்தை முடித்தார்கள். அங்கே உண்மையான போட்டி, யார் எந்த இடத்தில் புறப்படுவது என்று தீர்மானிக்கும் சனிக்கிழமைத் தகுதிச் சுற்றிலேயே தீர்ந்துவிடுகிறது.

சிங்கப்பூர் அப்படியில்லை. ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர் தடம், 62 சுற்று. நேர்ச்சாலை முடிந்து ஏழாம் வளைவுக்கு பிரேக் பிடிக்கும் இடத்தில் முந்துவார்கள். 2008-ல் தொடங்கி 2023 வரை அங்கே நடந்த ஒவ்வொரு பந்தயத்திலும் சேஃப்டி கார் (விபத்து நேர்ந்தால் முன்னால் வந்து எல்லாக் காரையும் மெதுவாக வரிசையில் ஓட வைக்கும் கார்) வெளியே வந்திருக்கிறது. 2024-ல்தான் முதல் தடவையாக வரவில்லை. சேஃப்டி கார் வந்தால் அரை நிமிடம் முன்னால் போனவருக்கும் பின்னால் வந்தவருக்கும் இடைவெளி அழிந்துவிடும், யார் எப்போது டயர் மாற்றுவது என்ற கணக்கும் தலைகீழாகும். அரங்கமே எழுந்து நிற்பது அப்போதுதான். போக்குவரத்தும் சுலபம். சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் நாலே கால் மணி நேரம்.

கேள்வி: தோல் வியாபார வேலையாக ஜூன் மாதம் இத்தாலி போகிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இருக்கிறது. மொனாக்கோவுக்கு ஒரு நாள் ஒதுக்க முடியும். எந்த நாள், எங்கே உட்காருவது? (ஆம்பூர் வாசகர்)

நீங்கள் போகும் மாதம் சரிதான். மே கடைசியில் நடந்துவந்த மொனாக்கோ பந்தயம் 2026 முதல் ஜூன் முதல் வாரத்துக்கு மாறிவிட்டது. 2026-ல் ஜூன் 5, 6, 7.

ஒரே நாள் என்றால் தயங்காமல் சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுங்கள். ஞாயிறைவிட விலையும் குறைவு. பெட்ரோல் குறைவாக, புது டயரோடு, ஒரே ஒரு சுற்றுக்காகச் சுவரை உரசுகிற மாதிரி ஓட்டுவதைப் பார்ப்பதற்கு இணை கிடையாது.

மொனாக்கோவுக்குத் தனி விசா இல்லை. இத்தாலியிலிருந்து பிரான்ஸ் வழியாக அங்கே போவது ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கில் வராது. எனவே ஒருமுறை நுழையும் விசாவே போதும். ஸ்டிக்கரில் உள்ள கடைசித் தேதியையும், தங்க அனுமதித்த நாட்களின் எண்ணிக்கையையும் மட்டும் சரிபாருங்கள். இனிமேல்தான் விசா எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இத்தாலியில் ஐந்து இரவு அறை போட்டுவிட்டு பிரான்ஸிடம் விண்ணப்பித்தால் அங்கேயே சிக்கல் தொடங்கும்.

மொனாக்கோவுக்குள் தங்க நினைக்காதீர்கள். பிரான்ஸ் பக்கம் நீஸ் நகரில் தங்கினால் ரயிலில் 25 நிமிடத்துக்குள் வந்துவிடலாம். இத்தாலி எல்லையில் இருக்கும் வென்டிமிலியாவிலிருந்தும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். காலையிலேயே திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள். மாலையில் நிலையத்துக்கு வெளியே நிற்கும் வரிசையில் இயந்திரத்தைத் தேட முடியாது.

இருக்கைக்கு 'கே' (K) என்னும் கேலரி எங்கள் முதல் தேர்வு. துறைமுகத்தை ஒட்டி டபாக் வளைவிலிருந்து நீச்சல்குளம் வரை நீள்கிறது. மேல் வரிசை கேளுங்கள். கீழ் வரிசைகளில் தடுப்பு வலைதான் கண்ணில் படும். பணம் குறைவென்றால் ரோஷே என்னும் பாறைச் சரிவு. இருக்கை கிடையாது, சரிவு செங்குத்து, விடியற்காலையிலேயே இடம் பிடிக்க வேண்டும். கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது.

மாலை ஓட்டம் முடிந்ததும் தடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். உடனே ரயிலுக்கு ஓடாமல், கொண்டை ஊசி போல் திரும்பும் ஹேர்பின் வளைவு வரை நடந்து பாருங்கள். ஃபார்முலா ஒன் தடங்களிலேயே மிக மெதுவான வளைவு அது, கார்கள் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கும் இடம். டிவியில் சமமாகத் தெரியும் சாலை எவ்வளவு சரிவு என்பது காலில்தான் தெரியும்.

கேள்வி: சிங்கப்பூருக்கு எதை முதலில் செய்வது? விசாவா, விமானமா, டிக்கெட்டா? (குடியாத்தம் வாசகர்)

பலரும் விசாவில் தொடங்கப் பார்க்கிறார்கள். சிங்கப்பூருக்கு அது கடைசி வேலை. போய் இறங்கும் தேதிக்கு 30 நாள் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும்.

பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். நம் ஊரில் அடிக்கடி இடிக்கிற இடம் பெயர். வீட்டில், வங்கியில், ஆதாரில் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, அல்லது குடும்பப் பெயர் கட்டமே காலி. விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அந்த விமான நிறுவனம் ஒற்றைப் பெயரை எப்படிப் பதியச் சொல்கிறது என்று கேட்டுக்கொண்டே பதியுங்கள். பதிந்த பிறகு திருத்துவது செலவு.

அடுத்தது பந்தய டிக்கெட். 2026-ல் தேதி அக்டோபர் 9, 10, 11. முன்கூட்டியே எடுப்பவர்களுக்குச் சலுகை விலை உண்டு. அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். பணம் கட்டும்போது "நிராகரிக்கப்பட்டது" என்று வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020-லிருந்து புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வங்கிச் செயலியில் கார்டு பகுதிக்குப் போய் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையைத் திறந்து, வரம்பையும் உயர்த்திவிட்டு மறுபடி முயலுங்கள். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

டிக்கெட் கைக்கு வந்த அன்றே அறையும் போட்டுவிடுங்கள். கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். விசா கடைசியில் வருவதால் இந்தப் பாதுகாப்பு அவசியம். பந்தய வாரத்தில் தடத்தை ஒட்டிய ஓட்டல்களின் வாடகை எட்டாத உயரத்துக்குப் போகும். லிட்டில் இந்தியாவில் தங்குங்கள். டவுன்டவுன் தடத்து ரயிலில் ரோச்சோர், பூகிஸ், மூன்றாவது நிறுத்தம் ப்ராமனேட். இறங்கினால் பந்தயத் தடம். காலையில் இட்லி, ராத்திரி திரும்பினால் தோசை என்று சாப்பாட்டுக் கவலையும் தீரும்.

விமானம் அதற்குப் பிறகு. விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற பயண முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். வெள்ளைப் பின்னணியில் 35-க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம் வேண்டும். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. சூயிங் கம், இ-சிகரெட், குட்கா, மெல்லும் புகையிலை எதுவும் பையில் இருக்கக் கூடாது.

காட்பாடியிலிருந்து ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம். ரயில் தாமதத்துக்கு இடம் வைத்து, விமான நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்னால் வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: கேலரி டிக்கெட் விலை மலைக்க வைக்கிறது. நின்று பார்க்கும் டிக்கெட்டில் ஏதாவது தெரியுமா? (ஆற்காடு வாசகர்)

தெரியும், உழைத்தால். சிங்கப்பூரில் தடத்தை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். நான்காம் மண்டலத்துக்குள் மட்டும் நடமாடும் டிக்கெட்தான் மலிவு. சிட்டி ஹால் ரயில் நிலையத்தின் அருகே பாடாங் மைதானமும் கச்சேரி மேடையும் இருக்கும் பகுதி அது.

நேர்ச்சாலை ஓரம் நிற்காதீர்கள். 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் கண்ணுக்கு ஒரு வண்ணக் கோடுதான். மெதுவான வளைவைத் தேடுங்கள். அங்கே பிரேக் வட்டு சிவப்பாகக் கனல்வது இருட்டில் தெரியும். முன் டயர் பூட்டிக்கொண்டு வெள்ளைப் புகை விடும். வளைவை விட்டு வெளியேறும்போது பின்சக்கரம் நழுவ, ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டித் திருத்துவார். கையுறையின் நிறம்கூடத் தெரியும். ஒருமுறை அதைப் பார்த்துவிட்டால் டிவியில் "மெதுவான வளைவு" என்று சொல்வதன் பொருளே மாறிவிடும்.

கார்கள் உங்களைக் கடந்து, மறுபடி வர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் பந்தயத்தில் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் சத்தம் மட்டும்தான் மிச்சம். ஆகவே நிற்கும் இடத்திலிருந்து தலையைத் திருப்பினால் பெரிய திரை தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை முழுவதையும் இதற்கே செலவிடுங்கள். ஒவ்வொரு பார்வை மேடையிலும் பத்து நிமிடம் நின்று, தடமும் திரையும் சேர்ந்து தெரிகிறதா, வலைக் கம்பம் மறைக்கிறதா, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அந்த இடத்துக்குப் போய்விட வேண்டும். துணைக்கு ஆள் இருந்தால் ஒருவர் நிற்க, ஒருவர் தண்ணீருக்குப் போகலாம். தனியாகப் போகிறவருக்கு இது கடினம்.

மூன்று நாள் டிக்கெட்டே எடுங்கள். 2026-ல் சிங்கப்பூரில் முதல் தடவையாக ஸ்பிரின்ட் என்னும் குறும்பந்தயமும் உண்டு. வெள்ளிக்கிழமையே அதற்கான தகுதிச் சுற்று, சனிக்கிழமை குறும்பந்தயமும் முதன்மைத் தகுதிச் சுற்றும். சும்மா போகிற நாளே இல்லை.

நம் வேலூர் வெயில் பழகியவர்கள் சிங்கப்பூர் ராத்திரியைக் குறைத்து எடைபோட வேண்டாம். இங்கே வியர்வை காய்ந்துவிடும், அங்கே காற்றில் ஈரம் மிகுதி, வியர்வை உடம்பிலேயே நிற்கும். மூடிய ஷூ, பருத்திச் சட்டை, ஓஆர்எஸ் பாக்கெட். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டா, 200 மில்லிக்கானதா என்று பார்த்துக் கரையுங்கள். புதுச் செருப்பு, புது ஷூ எதுவும் வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் நடப்பது அங்கே சாதாரணம்.

கேள்வி: ஏழு வயது மகனையும் கூட்டிப் போகலாமா? சத்தம் தாங்குவானா? (சத்துவாச்சாரி வாசகி)

காதைக் காப்பாற்றினால் கூட்டிப் போகலாம். இருபுறமும் சுவரும் கட்டடமும் இருப்பதால் தெருத் தடத்தில் சத்தம் எதிரொலித்துத் திரும்பும். பஞ்சு வைப்பது போதவே போதாது. மகனுக்கு, தலையில் மாட்டும் காதுக் கவசம் வாங்குங்கள். ஒரு வாரம் முன்பே வீட்டில் தினம் அரை மணி நேரம் மாட்டிப் பழக்குங்கள். பழகாத பிள்ளை வியர்த்ததும் கழற்றி எறியும். கண்ணாடி போட்ட பிள்ளையானால் கண்ணாடிக் காம்பு இடைவெளி விடும், அழுத்திப் பொருந்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நீங்கள் ஃபோம் அடைப்பான் பயன்படுத்தலாம், அதைச் செருகுவதில்தான் பலர் தவறுகிறார்கள். விரல்களுக்கிடையே உருட்டி மடிப்பு விழாத மெல்லிய குச்சியாக்குங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். உடனே உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்தியபடி இருங்கள். பிறகு இரு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பாருங்கள். சத்தம் மேலும் நன்றாகக் குறைந்தால் அடைப்பான் சரியாக உட்காரவில்லை; எடுத்து மறுபடி செருகுங்கள்.

மகன் சட்டைப் பையில் உங்கள் கைப்பேசி எண்ணும் ஓட்டல் பெயரும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

கேள்வி: பாஸ்போர்ட்டே இல்லை. இங்கேயே பார்க்க வழி உண்டா? (ராணிப்பேட்டை வாசகர்)

உண்டு. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத் தடத்தில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரு நாளும் இளம் ஓட்டுநர்களுக்கான தொடக்கநிலை ஃபார்முலா 4 பந்தயமும் இந்தியன் ரேசிங் லீக் என்னும் கார்ப் பந்தயத் தொடரும் விளக்கொளியில் நடந்தன. மறுபடி அறிவிப்பு வந்தால் விடாதீர்கள். அதுவரை, உங்கள் ஊரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையிலேயே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. தேசியப் பந்தயம் நடக்கும் ஒரு வார இறுதியில் போய் நாள் முழுக்க நின்று பாருங்கள். வெளிநாட்டுக்குச் செலவழிக்கும் முன் உங்கள் காலும் காதும் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: ஞாயிறு பந்தயம் முடிந்ததும் அன்றிரவே விமானம் பிடித்துவிடலாமா? திங்கள் வேலைக்குப் போக வேண்டும். (அரக்கோணம் வாசகர்)

வேண்டாம். பந்தயம் தொடங்குவதே சிங்கப்பூர் நேரம் இரவு 8 மணி. 2022-ல் மழையால் 65 நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கியது. இடையில் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினால் மூன்று மணி நேரம் வரை இழுக்கும். அதன்பின் ஆயிரக்கணக்கானவர்களோடு ரயில் நிலையத்துக்கு நடை. திங்கள் பிற்பகல் விமானம் போட்டு, செவ்வாய் வேலைக்குப் போகும்படி விடுப்பு சொல்லுங்கள். மழைக்குக் குடை வேண்டாம், பின்வரிசைக்காரருக்கு மறைக்கும். மடித்துப் பையில் வைக்கும் மழைக் கோட்டு ஆளுக்கு ஒன்று, கைப்பேசியைப் போட்டு வைக்க ஜிப் பிளாஸ்டிக் உறை ஒன்று. டிக்கெட் கைப்பேசியில் இருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் சேமித்து வையுங்கள்; கூட்டத்தில் இணையம் கிடைப்பது நிச்சயமில்லை.