ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல!
கணினி கேள்வி – பதில்

கேள்வி: ரைசன் 5 7600 ப்ராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு வாங்கி நானே அசெம்பிள் செய்தேன். பவர் பட்டனை அழுத்தினால் எல்லா ஃபேனும் சுற்றுகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறேன். ஐந்து முறை முயன்றாகிவிட்டது. மதர்போர்டு போய்விட்டதா? (வாசகர், மதுரை)

பதில்: பெரும்பாலும் போகவில்லை. நீங்கள்தான் அதை வேலை செய்ய விடவில்லை. உங்கள் ப்ராசசர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில், முதல்முறை மின்சாரம் கொடுத்ததும் ‘மெமரி ட்ரெயினிங்’ நடக்கும். ப்ராசசருக்கும் ராமுக்கும் இடையே சிக்னல் எந்த நேரக்கணக்கில் போய்வர வேண்டும் என்று போர்டு சோதித்துப் பார்த்து முடிவு செய்யும் வேலை இது. முடியும்வரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். சில நிமிடங்கள் ஆகும். ராம் அளவு கூடினால் இன்னும் நீளும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ஆன் செய்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கை வைக்காமல் இருங்கள்.

அப்போதும் வராவிட்டால் மதர்போர்டின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றனவா பாருங்கள். சிபியூ (ப்ராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸைத் தொடங்கும் கட்டம்) என்று பக்கத்தில் எழுதியிருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

டிராம் விளக்கு அணையாமல் நின்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு ராமை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது அது. இரண்டு ராம் போடும்போது இரண்டாவதும் நான்காவதும். முதல் இரண்டில் அடுத்தடுத்துச் செருகுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. இன்னொன்று: பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கும். கொக்கி இல்லாத முனை அரை மில்லிமீட்டர் மேலே நின்றாலும் பார்வைக்குச் சரியாக உட்கார்ந்தது போலவே தெரியும். இரு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒவ்வொரு ராமையும் அதே ஸ்லாட்டில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் பழுதானது எது என்று தெரிந்துவிடும். ஜோடியாக வாங்கியதென்றால் ஜோடியாகவே மாற்றுங்கள்.

விஜிஏ விளக்கு என்றால் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. 7600-ல் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. கார்டைக் கழற்றிவிட்டு போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டிச் சோதிக்கலாம். 7500எஃப், 5600, இன்டெல் 12400எஃப் போன்றவற்றில் அந்த வசதி கிடையாது. அவற்றை வைத்துக்கொண்டு போர்டு எச்டிஎம்ஐயில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

கடைசியாக, போர்டின் அடிப்படை அமைப்புகளைக் கவனிக்கும் பயாஸை ரீசெட் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி, சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே வைத்துத் திரும்பப் போடுங்கள். அதன்பின் ட்ரெயினிங் மறுபடி நடக்கும், மறுபடி பொறுமை வேண்டும். ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை எல்லாம் ஒழுங்கான பிறகு தொட்டால் போதும்.

கேள்வி: ஒரு விநாடி உயிர் வந்து, உடனே அணைந்துவிடுகிறது சார். (வாசகர், கோவை)

பதில்: இது பெரும்பாலும் ஷார்ட். மதர்போர்டுக்கு அடியில் இருக்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்கள்), போர்டின் திருகு ஓட்டைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் போர்டின் பின்புறச் சாலிடரில் உரசும். எல்லாவற்றையும் கழற்றி, போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். ப்ராசசர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மட்டும் போதும். பவர் ஸ்விட்ச் ஒயர் செருகும் இரு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஸ்டார்ட் ஆகும். வெளியே நின்று ஓடினால் கோளாறு கேபினட்டில்: ஸ்டாண்ட்ஆஃப், அல்லது உள்ளேயே சிக்கிக்கொண்ட பவர் பட்டன்.

ப்ராசசருக்கான 8-பின் கேபிளையும் பாருங்கள். அது 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2. மாற்றி, பலவந்தமாகச் செருகியிருந்தால் ஆபத்து. வேறு எஸ்எம்பிஎஸ்-இன் மாடுலர் (இரு முனையும் கழற்றி மாட்டக்கூடிய) கேபிளை மட்டும் எக்காரணம் கொண்டும் இரவல் வாங்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் ஹார்ட் டிஸ்க் கருகும்.

பத்து, இருபது விநாடி ஓடி அணைந்தால் கூலரைக் கழற்றுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியவர்கள் ஏராளம்.

கேள்வி: கேபினட்டைத் தொட்டால் சுருசுருவென்று ஷாக். எஸ்எம்பிஎஸ் பழுதா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்-இன் நுழைவாயிலில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் அதன் உலோகக் கூட்டுக்கு ஒவ்வொரு சிறு கெபாசிட்டர் இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் 230-இல் பாதியளவு, அதாவது சுமார் 115 வோல்ட், கேபினட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருசுருப்போடு போகிறது. ஆனால் மானிட்டர் கேபிளைச் செருகும்போது அதுவே எச்டிஎம்ஐ போர்ட்டைக் காவு வாங்கலாம்.

எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள். ஃபேஸ்–எர்த் 230-ஐ ஒட்டியும், நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பிரித்துப் பாருங்கள். மலிவான பெட்டிகளில் மூன்றாவது ஓட்டைக்கு ஒயரே இருக்காது. செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருவது தீர்வல்ல. நியூட்ரலை எர்த்தோடு முடிச்சுப் போடுவது அதைவிட மோசம்: நியூட்ரல் அறுந்தால் கேபினட்டிலேயே முழு 230.

கேள்வி: பூட் விளக்கு மட்டும் எரிகிறது. (வாசகர், திருச்சி)

பதில்: விண்டோஸ் இன்னும் போடவில்லையென்றால் அது இயல்புதான். பயாஸில் எஸ்எஸ்டி பெயரே தெரியாவிட்டால்தான் பிரச்சினை. எம்.2 வகை எஸ்எஸ்டி கார்டைச் சாய்வாகச் செருகி, படுக்க வைத்து, திருகு போட வேண்டும். எம்.2 கார்டில் சாட்டா, என்விஎம்இ என இரு வகை உண்டு. சாட்டா வகை எம்.2 கார்டு, என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் தெரியாது.

கேள்வி: பி650 போர்டில் ரைசன் 9600எக்ஸ் போட்டேன். சிபியூ விளக்கு அணைய மறுக்கிறது. (வாசகர், சேலம்)

பதில்: போர்டின் பயாஸ் ப்ராசசரைவிடப் பழையதாக இருக்கலாம். போர்டின் பின்னால், ப்ராசசர் ஓடாமலே பயாஸைப் புதுப்பிக்கும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் தப்பித்தீர்கள். பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து, தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கிய கோப்பை விரித்து, மேனுவலில் சொன்ன பெயரை அப்படியே வைத்து, அதற்கென்று குறியிட்ட யூஎஸ்பி துளையில் செருகுங்கள். எஸ்எம்பிஎஸ் ஆன், கணினி ஆஃப். விளக்கு மினுங்கும்வரை பட்டனை அழுத்திவிட்டு விடுங்கள். மினுங்கல் தானாக நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் கரண்ட் போனால் கதை முடிந்தாலும் முடியலாம். யூபிஎஸ் வழியாகச் செய்யுங்கள். அடுத்து ஆன் செய்ததும் மதுரை வாசகருக்குச் சொன்ன அதே 15 நிமிடம் உங்களுக்கும்.