புரொப்பல்லர் பாலன்சர் வாங்குவதற்கு முன்

கேள்வி: நான்கு மோட்டார் டிரோனில் கேமரா பொருத்திப் படம் எடுக்கிறேன். சில நாட்களாக வீடியோ முழுவதும் தண்ணீருக்கு அடியில் எடுத்ததுபோல நெளிகிறது. புரொப்பல்லர் பாலன்சர் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். பாலன்சர் என்பது புரொப்பல்லரின் எந்தப் பக்கம் கனம் என்று காட்டும் சிறு கருவி; அதைப் பார்த்து இரு பக்க எடையையும் சமமாக்குவதுதான் பாலன்ஸ் செய்வது. ‘சில நாட்களாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. அதற்கு முன்பு என்ன நடந்தது? மரக்கிளையில் உரசியதா, தரையிறங்கும்போது கவிழ்ந்ததா? புரொப்பல்லரின் ஒரு பக்கம் மட்டும் தானாக எடை கூடிவிடாது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒவ்வோர் இறக்கையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முன்விளிம்பில் விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய பிசிறும் நகத்தில் தட்டும். நடுவிலுள்ள குடத்தை ஒட்டிய இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்திருந்தால், இறக்கை அந்த இடத்தில் வளைந்து மீண்டிருக்கிறது என்று பொருள். அடுத்து அங்கேதான் விரிசல் விடும். அப்படிப்பட்ட புரொப்பல்லரை யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். பாலன்ஸ் செய்வது நல்ல புரொப்பல்லருக்குச் செய்யும் மெருகு வேலை. அடிபட்டதற்கு வைத்தியம் அல்ல.

புரொப்பல்லர்களில் குறை தெரியவில்லை என்றால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மோட்டார்களை ஒவ்வொன்றாக மெதுவாகச் சுழலவிட்டு, மோட்டாரைத் தாங்கும் கையின்மேல் விரலை வைத்துப் பாருங்கள். வெறும் மோட்டாரே ஓரிடத்தில் மட்டும் அதிர்ந்தால், தண்டு வளைந்திருக்கலாம் அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். எந்த பாலன்சரும் அதைச் சரிசெய்யாது. கேமரா தாங்கியின் ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஏதாவது திருகு தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

நெளிவுக்குக் காரணம், கேமராவின் சென்சார் படத்தை ஒரே நொடியில் மொத்தமாக வாங்காமல் வரிவரியாக வாசிப்பது. மேல் வரியை வாசித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் கேமரா நடுங்கினால், நேர்கோடு பாம்பாகிவிடும். லென்ஸில் கருப்பு ஃபில்டர் போட்டால் நெளிவு குறைந்ததுபோலத் தெரியும். ஷட்டர் வேகம் குறைந்து படம் சற்றுக் குழைவதால் வரும் மயக்கம் அது. அதிர்வு அப்படியே இருக்கும். பேரிங் தேய்வதும் திருகு தளர்வதும் நிற்காது.

கேள்வி: புரொப்பல்லரே பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இருக்கிறது. அதில் என்ன பெரிய எடை வித்தியாசம் வந்துவிடும்?

பதில்: ஒரு குன்றிமணி எடைகூட வேண்டாம், 0.1 கிராம் போதும். மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி அந்த 0.1 கிராம் அதிகமாக இருக்கிறது, புரொப்பல்லர் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் தண்டைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை சுமார் 2 நியூட்டன். அதாவது 200 கிராம் எடைக்கல்லைக் கட்டி இழுப்பதுபோல. அந்த இழுப்பும் ஒரே திசையில் இல்லை. நொடிக்கு 100 முறை சுற்றிச் சுற்றி வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மெதுவாகப் பறக்கும்போது சாதுவாக இருக்கும் டிரோன் வேகமெடுத்ததும் உறுமுவது இதனால்தான்.

கேள்வி: எந்த வகை பாலன்சர் நல்லது? எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: காந்த வகை. இரண்டு காந்தங்களுக்கு நடுவே மெல்லிய தண்டு ஒன்று நிற்கும். அதன் ஒரு முனை மட்டும் ஒரு காந்தத்தைத் தொட்டிருக்கும். மறுமுனை அந்தரத்தில் நிற்கும். உரசல் மிகக் குறைவு என்பதால், ஊதினாலே சுழலும். வாங்கும்போது விளம்பரத்தைவிட இரண்டு விஷயங்களைப் பாருங்கள். புரொப்பல்லரை இருபுறமும் இறுக்கும் கூம்புகள் உங்கள் புரொப்பல்லரின் துளைக்குப் பொருந்த வேண்டும். தண்டு நேராக இருக்க வேண்டும். கண்ணாடிப் பரப்பில் உருட்டிப் பார்த்தால் வளைவு காட்டிக்கொடுத்துவிடும்.

மின்விசிறியை அணைத்துவிட்டு உட்காருங்கள். புரொப்பல்லரைப் படுக்கைவாட்டில் வைத்துக் கையை எடுத்தால் கனமான இறக்கை கீழே இறங்கும். உடனே உப்புத்தாளைத் தேடாதீர்கள். கூம்புகளைத் தளர்த்தி, தண்டை அப்படியே விட்டுவிட்டு, புரொப்பல்லரை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பி மீண்டும் இறுக்குங்கள். இப்போதும் அதே இறக்கை இறங்கினால் குறை புரொப்பல்லரில் இருக்கிறது. மற்ற இறக்கை இறங்கினால் குறை பாலன்சரில்! இந்தச் சோதனையைச் செய்யாமல் நல்ல புரொப்பல்லரைத் தேய்த்துக் கெடுத்தவர்கள் நிறைய.

எடை குறைந்த இறக்கையில் செலோ டேப்பின் சிறு துண்டை ஒட்டுங்கள். அதை நுனிப் பக்கம் நகர்த்தினால் அதன் வேலை கூடும், குடத்தின் பக்கம் நகர்த்தினால் குறையும். தராசுத் தட்டில் கடைசி நெல்மணியைப் போடும் பொறுமை வேண்டும். டேப்பிலேயே நிறுத்திவிடலாம், தவறானால் உரித்து எடுத்துவிடலாம். தேய்த்துத்தான் ஆகவேண்டும் என்றால், கனமான இறக்கையின் பரப்பில் மட்டும் 400-க்கு மேற்பட்ட எண்ணுள்ள நைசான உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். விளிம்புகளைத் தொட்டால் இறக்கையின் வடிவமே மாறிவிடும். கார்பன் ஃபைபர் என்றால் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பலரும் மறந்துவிடுவது குடத்தை. படுக்கைவாட்டில் அசையாமல் நிற்கும் புரொப்பல்லரைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். இடப்புறமோ வலப்புறமோ சாய்ந்தால் குடத்தின் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்கத்தில் ஒரு துளி பசையோ நகப்பூச்சோ வைத்தால் சரியாகும். எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நின்றால் போதும்.

எல்லாம் முடிந்து புரொப்பல்லரை மோட்டாரில் பூட்டியதும் ஒரு பென்சிலை இறக்கையின் நுனியருகே நிறுத்தி, பேட்டரி இல்லாமல் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு நுனிகளும் பென்சிலை ஒரே உயரத்தில் கடக்க வேண்டும். ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் போனால், எடை எவ்வளவு சரியாக இருந்தாலும் ஆட்டம் இருக்கும். ஆர்டுபைலட் மென்பொருளில் இயங்கும் டிரோன் என்றால் பறந்த பதிவில் அதிர்வு அளவைப் பாருங்கள். 30 மீட்டர்/வினாடி²-க்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை; 60-ஐத் தாண்டினால் உயரத்தைப் பிடித்து நிற்பதிலேயே தகராறு வரும்.

கேள்வி: ஐந்து அங்குல புரொப்பல்லர் போட்ட ரேஸ் டிரோன் வைத்திருக்கிறேன். எனக்கும் பாலன்சர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். வாரத்துக்கு இரண்டு புரொப்பல்லர் உடைப்பவர் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பாலன்ஸ் செய்வது வீண் வேலை. டிரோனை நிலையாகப் பறக்கவைக்கும் இக்கால ஃபிளைட் கன்ட்ரோலர் பலகைகள் அந்த அதிர்வின் பெரும்பகுதியை வடிகட்டிவிடுகின்றன. அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு செட் நல்ல புரொப்பல்லர் வாங்கிவையுங்கள். ஒன்பது, பத்து அங்குலத்துக்குமேல் போகும்போதுதான் பாலன்சர் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

கேள்வி: மடக்கும் டிரோனில் ஒரு மோட்டாரின் இரண்டு இறக்கைகளில் ஒன்று மட்டும் உடைந்தது. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

பதில்: கூடாது. அந்த இரண்டும் எடை பார்த்துச் சேர்க்கப்பட்ட ஜோடி. இரண்டையும் மாற்றுங்கள், திருகுகளும் புதிதாக வந்திருந்தால் பழையதைப் போடாதீர்கள்.

கேள்வி: ‘தொழிற்சாலையிலேயே பாலன்ஸ் செய்யப்பட்டது’ என்று அச்சிட்ட புரொப்பல்லர் செட் வாங்கினேன். நான்கில் மூன்று ஒரு பக்கம் சாய்கின்றன. ஒன்றைத் தேய்த்துப் பார்த்தேன். இப்போது, ‘பொருளில் கைவைத்துவிட்டீர்கள், திரும்பப் பெற மாட்டோம்’ என்கிறார் விற்றவர். என்ன செய்வது?

பதில்: தேய்த்த அந்த ஒன்றை மறந்துவிடுங்கள், அதில் அவர் சொல்வதற்கு நியாயம் இருக்கிறது. தேய்க்காத இரண்டு சாய்கின்றன அல்லவா, வழக்கை அவற்றின்மேல் நடத்துங்கள். மேலே சொன்ன அரைச்சுற்றுச் சோதனையைச் செய்து, ஒரே இறக்கை இரண்டு முறையும் இறங்குவதை வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட வாசகமும் அதில் தெரியட்டும். வீடியோவுடன் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். அடுத்த முறை புது செட் வந்தால் முதலில் பாலன்சரில் ஏற்றுங்கள், பிறகு டேப், திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகுதான் உப்புத்தாள்.