பச்சை மீன் சாப்பிட்டவருக்குப் பித்தநாளப் பயம்

கேள்வி: வயது 43. தாய்லாந்தில் கோன் கென் பக்கம் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ‘கொய் பிளா’ என்று பச்சை ஆற்றுமீனைக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள், அடிக்கடி சாப்பிட்டிருக்கிறேன். ஊர் திரும்பி மூன்று வருடமாகிறது, எந்தத் தொந்தரவும் இல்லை. கூட வேலை பார்த்த ஒருவருக்கு இப்போது பித்தநாளப் புற்றுநோய். மீன் புழுதான் காரணம் என்கிறார்கள். நானும் பரிசோதிக்க வேண்டுமா? குழந்தைகளுக்கு ஒட்டுமா?

பதில்: குழந்தைகளுக்கு ஒட்டாது. மலத்தில் வெளியேறும் புழு முட்டை முதலில் நன்னீர் நத்தைக்குள்ளும், பிறகு கெண்டை இன மீனுக்குள்ளும் வளர்ந்தால்தான் அடுத்தவரைத் தொற்றும். நீங்கள் அவசியம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் மீன் புழு, அதாவது இந்தக் கல்லீரல் தட்டைப்புழு, இருக்கும் பலருக்கு வருடக்கணக்கில் ஒன்றுமே தெரியாது.

மீன் சதையோடு உள்ளே போகும் இளம்புழு, முன்சிறுகுடலிலிருந்து பித்தநாளம் (கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுவரும் குழாய்) வழியே மேலேறி, கல்லீரலின் சிறு நாளங்களில் தங்கிவிடும். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான். ஆயுளோ பத்து வருடம், சில சமயம் அதற்கும் மேல். அதன் உறிஞ்சிகள் நாளத்தின் உட்சுவரைப் புண்ணாக்கும். அது வெளியேற்றும் பொருட்கள் அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கும். புண், ஆறுதல், மறுபடி புண் என்று போகப் போக உட்சுவர் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும். சுற்றிலும் தழும்பு படர்ந்து நாளம் தடிக்கும். பித்தம் தேங்கினால் கல், கிருமித்தொற்று, குளிர்க்காய்ச்சல், காமாலை. சிலருக்கு, பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கழித்து, புற்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இந்தப் புழுவைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. ஆனாலும் புழு இருந்தவர்களில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது.

மலப் பரிசோதனையை வெவ்வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை செய்யுங்கள். நம் ஊர் லேப்களில் இந்த முட்டையை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். தாய்லாந்தில் பச்சை மீன் சாப்பிட்ட கதையைச் சொல்லியே கொடுங்கள். கூடவே வயிற்று அல்ட்ராசவுண்ட், கல்லீரல் ரத்தப் பரிசோதனை. புழு இருந்தால் பிராசிகுவாண்டல் மாத்திரை, எடைக்கேற்ற அளவில், ஓரிரு நாளில் முடிந்துவிடும். எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்: மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்தால் இந்த மருந்து சிக்கலாக்கும். மருந்துக்கடையில் வழக்கமான பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், அது இதற்குப் போதாது.

‘மாத்திரைதான் இருக்கிறதே’ என்று மறுபடி சாப்பிடுபவர்களும் உண்டு. புழு சாகும், சரி. தழும்பு முழுதாக மறையும் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு புதுத் தொற்றும் அதே நாளத்தில்தான் போய்ப் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு மீனை வெளுக்க வைக்குமே தவிர புழுவைக் கொல்லாது. கூடவே உள்ளே போகும் சாராயமும் கொல்லாது. மறுபடி அந்தப் பக்கம் போனால், மீனை நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லிச் சாப்பிடுங்கள்.