'வுட் யூ மைண்ட்' என்று கேட்டால் யெஸ்ஸா, நோவா?

வணக்கம். மேலாளர் போனில் "வுட் யூ மைண்ட் சென்டிங் தி ரிப்போர்ட் டுடே?" என்று கேட்க, நீங்கள் "யெஸ்" என்றதும் அவர் ஒரு கணம் அமைதியாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், உங்கள் குரலிலிருந்தே அவருக்குப் புரிந்திருக்கும்.

இங்கே 'மைண்ட்' என்றால் 'ஆட்சேபம் இருத்தல்'. "அனுப்புவதில் உங்களுக்குச் சிரமம் உண்டா?" என்பதுதான் கேள்வி. அதற்கு வெறும் "யெஸ்" என்றால், சிரமம் உண்டு என்றாகிவிடும். இலக்கணப்படி சரியான பதில் "நோ, நாட் அட் ஆல்". ஆனால் பேச்சில் பலரும் "ஷ்யூர்", "ஆஃப் கோர்ஸ்" என்றே சொல்கிறார்கள். "யா, ஷ்யூர்" என்பதும் சாதாரணமாகக் காதில் விழும். கேள்வியின் சொற்களுக்கு அல்ல, அதிலுள்ள வேண்டுகோளுக்குத்தான் அவர்கள் பதில் தருகிறார்கள். நீங்கள் "ஷ்யூர், ஐ வில் செண்ட் இட்" என்று பழகிக்கொள்ளுங்கள். குழப்பத்துக்கு இடமே இல்லை.

அப்புறம், "வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓபன்ட் தி விண்டோ?" என்பதில் ஏன் இறந்தகாலம் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நம் 'திறந்தால்' என்ற சொல்லைப் பாருங்கள். 'திறந்தேன்' என்பதிலுள்ள அதே இறந்தகால அடிதான் அதிலும் இருக்கிறது. 'வந்தால்', 'போனால்' எல்லாம் அப்படியே. ஜன்னல் இன்னும் திறக்கப்படவில்லை, ஆனாலும் சொல்லில் இறந்தகாலம். ஆங்கிலத்தில் அது பணிவையும் சேர்க்கிறது. 'டூ யூ மைண்ட்' என்று தொடங்கினால் மட்டும் 'இஃப் ஐ ஓபன்' என்று நிகழ்காலத்திலேயே சொல்லுங்கள்.